ப்ரியம்வதா படம் போட்ட மாவு

ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற ஸ்வாமிநாதனுக்கு, எதையும் விழா இல்லாமல் தொடங்கத் தெரியாது. வேலைக்காகக் குடியேறிய வெளிமாநில ஊரான சாங்வியில் மனைவி வைஜயந்தியோடு இட்லி மாவுக் கடை போட்டபோதே ரிப்பன் வெட்டியவர். ஒரே மகள் ப்ரியம்வதா இருபத்தாறு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். அவள் நினைவாக மாவுப் பாக்கெட்டில் அவள் படத்தையே அச்சடிப்பது என்று முடிவானபோது, கடை வாசலில் ஷாமியானாப் பந்தலே போட்டுவிட்டார்.

யோசனை அவருடைய அக்கா பிள்ளை ஷ்ரேயஸுடையது. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. கஸ்டமருக்கு ஒரு 'எமோஷனல் கனெக்ட்' வேண்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் விளக்கினான். துக்கத்தைக் கிலோக் கணக்கில் விற்கலாம் என்பது ஸ்வாமிநாதனுக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் தலையாட்டினார். சாங்வி, தாபோடி, போபோடி என்று சுற்றுவட்டாரத்தில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தன் பெண்ணின் முகம் இருக்கும். யாராலும் அவளை மறக்க முடியாது. அவருக்கு அது போதும்.

கல்லூரி அடையாள அட்டைப் படத்தை எடுத்து, கன்னத்துப் பருவை அழித்து, அவள் வைத்தே அறியாத குங்குமப் பொட்டை வைத்து, கீழே 'ப்ரியம்வதாவின் கைமணம்' என்று போட்டார்கள். அவளுக்கு வெந்நீர்கூடப் போடத் தெரியாது என்பதை யாரும் கிளப்பவில்லை. கடைக்காக அவள் செய்ததெல்லாம், நோய் படுக்கப் போடும்வரை ஸ்கூட்டரில் வீடு வீடாக மாவு கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

விழாவில் தமிழ் மன்றத் தலைவர் அனந்தராமன் நாற்பது நிமிஷம் பெண்மையின் பெருமையைப் பேசினார். அதில் மூன்று முறை 'மறைந்த செல்வி பிரியதர்ஷினி' என்றார். சபை கை தட்டியது. வைஜயந்தி மேடைக்கு வரவில்லை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெண் போனதிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை.

முதல் இரண்டு வாரம் மாவு பறந்தது. பிறகு, காலை பத்து மணிக்குள் காலியாகிற பிரிட்ஜில் மாலைவரை பாக்கெட்டுகள் அடுக்கு கலையாமல் இருந்தன. மாவு புளித்தது. மார்க்கெட்டில் பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு கடைப் பாக்கெட்டைப் பையில் மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்வாமிநாதன் காரணம் தேடினார். புற்றுநோய் வந்த வீட்டு மாவு என்று ஒதுக்குகிறார்கள். அல்லது அதற்குள் மறந்துவிட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

ஒரு புதன்கிழமை தாபோடியிலிருந்து எஸ்தர் வந்தாள். பள்ளிக்கூட ஆயா, ஏழு வருஷ வாடிக்கை. கையில் எவர்சில்வர் தூக்கு. பாக்கெட் வேண்டாம், மாவை இதில் ஊற்றிக் கொடுங்கள் என்றாள்.

ஸ்வாமிநாதன் அவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் அவள் தலையில் விடிந்தது.

"ஏம்மா, பாக்கெட்டைத் தொட்டா ஒட்டிக்குமா?"

எஸ்தர் தூக்கை மேஜையில் வைத்தாள்.

"தூக்கிப் போட முடியல மாமா. பதினோரு பாக்கெட்டு கழுவிக் காயவச்சு அலமாரில வச்சிருக்கேன். குப்பை வண்டி வந்து கத்துது, எடுத்துட்டு இறங்குறேன், அவ சிரிச்சுக்கிட்டே இருக்கா. திரும்ப எடுத்துட்டு மேல வந்துர்றேன். கத்திரிக்கோலு வைக்கவே மனசு வரல. எங்க லைன்ல எல்லா வீட்டுலயும் இதே கதைதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பக்கத்துக் கடையில வாங்குறாங்க."

வெட்டும் புள்ளிக்கோட்டை எங்கே போடலாம் என்று ஷ்ரேயஸோடு அரைமணி நேரம் விவாதித்தது ஸ்வாமிநாதனுக்கு ஞாபகம் வந்தது. நெற்றிக்கு நேராகப் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்கள் வேலையில் பிசகு கண்டுபிடித்தவர், எதிரில் இருந்த பிரிட்ஜைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

கிரைண்டர் நின்றது. வைஜயந்தி ஈரக்கையோடு வெளியே வந்து, தூக்கில் மாவை ஊற்ற ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "மாவு குடுக்க உங்காத்துக்கு வந்தா உக்காருவாளா? இல்ல, வாசலோட போயிடுவாளா?" என்று கேட்டாள்.

எஸ்தர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உக்காந்து சாப்பிட்டுத்தான் போவா, மாமி. மீன் குழம்பு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா."

ஸ்வாமிநாதன் வாயைத் திறந்தார். காஞ்சிபுரத்துப் பூர்வீகம், ஏழு தலைமுறை ஆசாரம் என்று கல்யாணப் பத்திரிகைகளில் போட்டுக்கொள்கிற வம்சம் அவர் தொண்டைவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"கடைசியா வந்தப்போ வாயெல்லாம் புண்ணு," என்றாள் எஸ்தர். "திங்க முடியல. சட்டியத் தொறந்து வைங்கக்கான்னா. பக்கத்துல உக்காந்து வாசனை மட்டும் பாத்துட்டுப் போனா."

வைஜயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ப்ரியா," என்றாள், யாரையும் பார்க்காமல். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

ஸ்வாமிநாதன் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து எஸ்தர் பக்கத்தில் போட்டார். கடை ஷட்டரை அரைவாசி இறக்கினார்.

"உக்காரும்மா," என்றார். "என்ன மீன் அது?"