வளைவில் பன்னிரண்டு விநாடிகள்

"தூக்கு! இஞ்சை இல்லை, அந்தப் பக்கம்!"

கூட வந்தவனிடம் கத்திக்கொண்டே, கமெரா பூட்டிய முக்காலியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தாரிகா ஓடினாள். நாவற்குழி ரெயில் கடவையில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கேற் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய் பிள்ளை! கேற் இறங்குறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?" கடவைக் காவலர் செல்வநாயகம் கத்தினார்.

"அண்ணை, ஒரே ஒரு எட்டு!"

"கெதியாப் போய்த் துலை! உவனும் உன்னோடையோ? ஓடு மோனை, ஓடு!"

டினேஸ் கமெராப் பையைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தடித்துப் பின்னால் வந்தான். பல்கலைக்கழகத்தில் அவளோடு படிப்பவன். நீர்வேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றி வந்தவன். இவ்வளவு நேரமும் இருவரும் வளைவின் வெளிப்பக்கத்தில்தான் காத்திருந்தார்கள். ரெயின் படம் எடுக்க வருகிற எல்லோரும் நிற்கிற இடம் அது. முதுகுக்குப் பின்னால் பின்னேர வெயில், எதிரே பளபளக்கும் கடல்நீரேரி. அதை விட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் வளைவின் உட்பக்கத்துக்கு இந்த ஓட்டம்.

"உனக்கு விசரே? உதிலை சூரியன் நேரை லென்சுக்குள்ளை அடிக்கும்!"

"அங்கை நிண்டா எஞ்சின் மட்டும்தான் முகம் காட்டும். கடைசிப் பெட்டி வளைஞ்சு மறைஞ்சிடும். எனக்கு ரெண்டும் ஒரே படத்திலை வேணும். காலமையே யோசிச்சிருக்கோணும், மடைச்சி நான்."

"கடைசிப் பெட்டியை ஆர் பாக்கப் போறான்?"

"நான் பாப்பன்."

வளைவில் ரெயின்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. ட்றைவர் ஜன்னலால் தலையை நீட்டி, பெட்டிகள் ஒழுங்காக வருகின்றனவா என்று திரும்பிப் பார்ப்பார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்ட் பச்சைக் கொடியை நீட்டிக் காட்டுவார். நேர்ப்பாதையில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாத அந்த இருவரும் முகம் பார்ப்பது இங்கேதான். பன்னிரண்டு விநாடி. அதற்குள் படம் விழ வேண்டும்.

"நாளைக்கு எடுப்பமே? இதே ரெயின் நாளைக்கும் வருந்தானே."

"ரெயின் வரும். இந்த ரெண்டு பேரும் ஒண்டா வராயினம். இண்டைக்கு மட்டும்தான் சேந்து ட்யூட்டி. வாற கிழமை ட்றைவருக்கு மலைநாட்டுப் பக்கம் மாற்றம்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் குனிந்து முக்காலியை ஊன்றினாள். தூரத்தில் எஞ்சின் கூவியது.

"தொப்பியைக் கழட்டு! லென்சுக்கு மேலாலை பிடி. இன்னும் கீழை... ஓம், அப்பிடியே நில்."

பனை வடலிகளுக்கு இடையிலிருந்து எஞ்சின் வெளிப்பட்டது. நிலம் அதிர்ந்தது. வளைவுக்குள் ரெயின் பெட்டி பெட்டியாக வளைந்து நுழைந்தது. ட்றைவரின் தலை வெளியே வந்தது. திரும்பியது.

கடைசிப் பெட்டியின் ஜன்னலில் யாரும் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

ட்றைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதே நொடியில் பின்னால் பச்சை தெரிந்தது!

"எடு! எடன்!"

"பொறு."

"போச்சு... எல்லாம் போச்சு!"

தாரிகாவின் விரல் பொத்தானில் கிடந்தது. அசையவில்லை. ஒன்பது. பத்து.

எஞ்சின் நீளக் கூவியது. ட்றைவர் மறுபடி தலையை நீட்டினார். இந்த முறை கையையும் உயர்த்தினார். பின்னால் பச்சைக் கொடி கம்பம் போல நிமிர்ந்து நின்றது.

கிளிக்.

ரெயின் யாழ்ப்பாணத்தை நோக்கிப் போய் மறைந்தது. டினேஸ் தொப்பியை உதறித் தலையில் போட்டுக்கொண்டு கமெராத் திரையை எட்டிப் பார்த்தான். முழு ரெயினும் அரைவட்டமாக உள்ளே இருந்தது. தலையும் வாலும் ஒன்றையொன்று பார்த்தன.

"விழுந்திட்டுது! தாரிகா, இப்பிடி ஒரு படம் இந்த வளைவிலை ஒருத்தனும் எடுக்கேல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். பெட்டியளைப் பாக்க ஒருக்காத் திரும்பினாப் போதுந்தானே? அந்த மனுசன் ஏன் ரெண்டாந்தரமும் பாத்தவர்?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் நரைத்த மீசை. பின்னால் மடிப்புக் கலையாத புதுச் சீருடை, உயர்த்திய முகவாய்.

"படம் கையிலை கிடைக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை, நாவூறு பட்டிடும் எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. இனி ஊருக்கே சொல்லுவன்." தாரிகா திரையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "முன்னுக்கு என்ரை அப்பா. பின்னுக்கு என்ரை அண்ணை."