அழைப்பவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று காலை சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. இரண்டு பாஸ்போர்ட், விமான டிக்கெட்டின் நகல், எங்கோ இருக்கும் ஒரு நகரத்தின் வரைபடம், மூன்று நிறத்தில் பேனா. நடுவில் டீச்சரின் கணவர். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றதே தவிர, எதற்கெடுத்தாலும் திட்டம் போடும் புத்தி இன்னும் முழு நேரப் பணியில்தான் இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகன் புது வீடு வாங்கியிருந்தான். அதைப் பார்க்கப் போகிறார்கள். வழியில் இன்னொரு நாட்டில் இறங்கி விமானம் மாற வேண்டும்.

"ஏர்போர்ட்ல ஏழு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்றதுக்கு, மூணு நாள் இறங்கி ஊரைச் சுத்திப் பார்த்துட்டுப் போனா என்ன? டிக்கெட் விலை ஒண்ணுதான்," என்றார் கணவர்.

"அது சரி. தங்குறது எங்க?"

ஓட்டல்களை ஏற்கனவே விசாரித்தாயிற்று. எல்லோரும் யானை விலை, குதிரை விலை சொன்னார்கள்.

"அதான் சின்னக்கா இருக்காளே," என்றார் கணவர், ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பவரைச் சொல்வது போல.

சின்னக்கா இவர்கள் வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவர். மகன் மழலையில் கூப்பிட்ட பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலையில் ஏழு மணிக்கு வந்தால், டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, காபி குடித்து, அந்தக் காபித் தம்ளரும் கழுவி வைக்கப்பட்ட பிறகுதான் கிளம்புவார். மகனுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். பிறகு கல்யாணமாகி, கணவரோடு வெளிநாடு போய்விட்டார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. அந்த நாடுதான் விமானம் மாறுகிற நாடு.

சின்னக்கா போனதிலிருந்து ஒரு போன் கூடப் பேசாத டீச்சர், யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிப் பேசினார். மறுமுனையில் ஒரே கூச்சல், சந்தோஷத்தில்.

"டீச்சரம்மாவா! நிஜமாவா? ஓட்டல்லாம் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்? வீடு சின்னதுதான், ஒரே ரூம். ஆனா கட்டில் இருக்கு. நீங்களும் சாரும் அதுல படுத்துக்குங்க. நாங்க கிச்சன்ல விரிச்சுப்போம்."

"உனக்கு எதுக்கும்மா அவ்வளவு சிரமம்?" என்றார் டீச்சர். கேட்க வேண்டுமே என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

விசாவுக்கு அங்கிருப்பவர் அழைப்புக் கடிதம் தர வேண்டும். சின்னக்கா வேலைக்கு லீவு போட்டு, ஏதோ ஒரு அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி ஐந்தே நாளில் அனுப்பி வைத்தார். கூடவே போனில் ஒரு படம். ஒரு பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் குண்டாகியிருந்தார்.

விசா ஏஜெண்ட் சாமர்த்தியசாலி. கல்லில் நார் உரிக்கிறவர் என்று அந்த வட்டாரத்தில் பேர். விண்ணப்பத்தைப் புரட்டியவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"அழைப்பவருக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு கேட்டிருக்கான். என்ன போடட்டும்?"

"குடும்ப நண்பர்," என்றார் கணவர், கண் இமைக்காமல். "நெருங்கிய குடும்ப நண்பர்னே போடுங்க."

வேலைக்காரி வீட்டில் போய்த் தங்குகிறோம் என்று எழுத டீச்சருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"அப்படின்னா சேர்ந்து எடுத்த போட்டோ மூணு நாலு வேணும். வேற வேற வருஷத்துல எடுத்ததா இருக்கணும். கண்டிப்பாக் கேட்பான்."

"அதுக்கென்ன? பதினோரு வருஷம் எங்க வீட்டோடயே இருந்தவ. கூடை நிறைய இருக்கும்," என்றார் கணவர்.

மறுநாள் முழுக்க இருவரும் தரையில் உட்கார்ந்து ஆல்பங்களைப் புரட்டினார்கள். மகன் முதன்முதலாக நடந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போனது, பரிசு வாங்கியது, டீச்சருக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தது, புது சோபா வந்த அன்று மூவரும் அதில் சாய்ந்து உட்கார்ந்தது. நான்கு ஆல்பம். பக்கத்து வீட்டுப் பூனை கூட மூன்று படத்தில் இருந்தது. சின்னக்கா ஒன்றில்கூட இல்லை.

"இந்தப் படத்துல ஓரத்துல என்னது? யாரோ விரல விட்டிருக்காங்க," என்றார் கணவர். மகனின் ஐந்தாவது பிறந்தநாள் படம் அது. மூலையில் மங்கலாக ஒரு கட்டை விரல்.

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த விரலுக்காக அன்றைக்கு நாலு பேர் முன்னால் திட்டியது நினைவுக்கு வந்தது. 'ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்கத் தெரியுதா உனக்கு?' என்று. வீட்டில் விசேஷம் என்றால் கேமரா எப்போதும் சின்னக்கா கையில்தான். எல்லோரும் படத்தில் வர வேண்டுமே! அந்த எல்லோரில் அவர் கிடையாது. பதினோரு வருட உறவுக்குச் சாட்சி என்று அந்த வீட்டில் மிஞ்சியது அந்த ஒரு விரல்தான்.

ஒருவேளை அவரிடம் ஏதாவது இருக்குமோ என்று போன் செய்து கேட்டார் டீச்சர். சின்னக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கிட்ட எப்படி இருக்கும் டீச்சரம்மா? நான் எடுக்குற ஆளாச்சே!"

அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏஜெண்ட் இதைக் கேட்டதும், "இதெல்லாம் ஒரு விஷயமா டீச்சர்?" என்றார். "உங்க பழைய படம் ரெண்டு குடுங்க. அவங்க அனுப்பின பெஞ்சு படம் இருக்குல்ல? கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

சொன்ன மாதிரியே அரை மணி நேரத்தில் திரையைத் திருப்பிக் காட்டினார். டீச்சர் வீட்டுக் கூடம். அந்தப் புது சோபா. ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் டீச்சர். நடுவில், மகன் உட்கார்ந்திருந்த இடத்தில், முதுகை நன்றாகச் சாய்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சின்னக்கா.

"பிரமாதம்! கூடவே பிறந்த மாதிரி இருக்கு," என்றார் கணவர்.

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. அந்த சோபா வந்த வாரம், சின்னக்கா வேலையை முடித்துவிட்டு அசந்துபோய் அதன் கைப்பிடியில் சாய்ந்தபோது டீச்சர் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் இருந்தது. அதட்டவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். 'கீழ உட்காரேன், தரை சுத்தமாத்தானே இருக்கு?' தரை சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்தவரே அவர்தானே. அதற்குப் பிறகு சின்னக்கா அந்த சோபாவைத் தூசி தட்ட மட்டும்தான் தொட்டார். வகுப்பில் முப்பது வருடம் சமத்துவம் பற்றிப் பாடம் நடத்திய டீச்சருக்கு அது அன்றைக்குத் தப்பாகவே தோன்றவில்லை. இப்போது அந்தத் திரையைப் பார்க்கவே முடியவில்லை.

"இது பொய்ப் படம்னு தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. விசா கிடையாதும்பான், அவ்வளவுதான். அவங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பான். பொய்யா அழைப்பு குடுத்தாங்கன்னு அவங்க வேலை பர்மிட்டைப் புதுப்பிக்காம விட்டாலும் விட்டுருவான். அது அவங்க பாடு. நமக்கென்ன?"

நமக்கென்ன. பதினோரு வருடம் தானும் அப்படித்தான் இருந்தது டீச்சருக்கு உறைத்தது.

"அதை அழிச்சிடுங்க," என்றார். "குடும்ப நண்பர்னு எழுதினதையும் அடிச்சிடுங்க. எங்க வீட்ல வேலை செஞ்சவங்கன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? வேலைக்காரி வீட்ல தங்கப் போறோம்னு எழுதிக் குடுத்தா எவன் நம்புவான்? நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"மானம் இந்தப் படத்தைப் பார்த்தப்பவே போயிடுச்சுங்க. நம்மகிட்ட உழைச்சவங்களை நம்ம பக்கத்துல பொய்யாத்தான் உட்கார வைக்க முடியுது, பாருங்க!"

கணவர் திரையைப் பார்த்தார். மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். ஏஜெண்ட், 'இந்தக் கேஸ் தேறாது' என்ற முகத்தோடு படத்தை அழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் சின்னக்காவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். நண்பர் என்று எழுதச் சொன்னது, ஒட்டுப் படம், பர்மிட், எதையும் மறைக்கவில்லை.

"வேலைக்காரின்னே எழுதுங்க டீச்சரம்மா," என்றார் சின்னக்கா. "அதுல எனக்கென்ன வெட்கம்? திருடினேனா, ஏமாத்தினேனா? உழைச்சுத்தானே சாப்பிட்டேன். ஆனா ஒரே ஒரு நாள் வெட்கமா இருந்துச்சு. நீங்க ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப அந்த சோபாவுல உட்கார்ந்து பார்த்தேன். பாதி உட்காரும்போதே கேட் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அடிச்சுப் புடிச்சு எந்திரிச்சுட்டேன். யாருமே வரல. ஆனாலும் என்னமோ களவாண்ட மாதிரி நாள் முழுக்க நெஞ்சு அடிச்சுக்கிச்சு."

"வெட்கப்பட வேண்டியவ நான்," என்றார் டீச்சர். மன்னித்துவிடு என்ற வார்த்தையை முப்பது வருடமாகப் பிள்ளைகளைச் சொல்ல வைத்தவர், அதைத் தான் சொல்வதற்குள் திக்கித் திணறிப் போனார். சொன்னார்.

"சரி, விடுங்க," என்றார் சின்னக்கா. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. டீச்சரும் அதை எதிர்பார்க்கவில்லை.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தையும் சின்னக்காவின் அழைப்புக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தார்.

"வீட்ல வேலை செஞ்சவங்கன்னு எழுதியிருக்கீங்க. யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்ல. அவங்க அலைஞ்சு லெட்டர் வாங்கி, இருக்கிற ஒரே ரூமைக் குடுக்கிறாங்க. இவ்வளவு செய்யற அளவுக்கு நீங்க அவங்களுக்கு என்னம்மா செஞ்சீங்க?"

சந்தேகத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் டீச்சருக்கு அது சந்தேகமாகப் படவில்லை. பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கணவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒண்ணும் செய்யலைம்மா," என்றார் டீச்சர். சின்னக்காவை 'அவ' என்றே சொல்லிப் பழகிய வாயில் இப்போது வேறு வார்த்தை வந்தது. "அவங்கதான் எங்களுக்கு எல்லாம் செஞ்சாங்க. எம்புள்ளைய வளர்த்தது அவங்க. நான் சம்பளம் குடுத்தேன், அதோட என் கடமை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். பக்கத்துல ஒரு நாள் உட்கார வைக்கல. நம்ம வீட்ல உழைக்கிறவங்களுக்குக் கூலி குடுத்தா மட்டும் போதாது, மரியாதையும் குடுக்கணும். கூலியை மட்டும் குடுத்துட்டு மரியாதையை நிறுத்தி வைக்கிறதும் ஏமாத்துறதுதான். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு இத்தனை வயசாயிருக்கு. வெட்கமா இருக்கும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனா நின்றது. வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரி விண்ணப்பத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதில் அனுமதி முத்திரையைக் குத்தித் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார்.

"போதும்மா," என்றார். "வேற சாட்சி எதுவும் வேண்டாம்."