கலர் வரும் இடம்

“ரெண்டு படமா? போடி! டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்த்தவ நான். எனக்குத் தெரியாதா?”

“நடுவுல நீ தூங்கிட்டம்மா.”

“கண்ணை மூடியிருப்பேன். தூங்கல.”

1

இந்த மூன்று வரிகளிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. பேசுவது அம்மாவும் நானும். முதலில் இதை, ‘மழை ஓயாத ஒரு ரயில் நிலையத்தில், நீண்ட கோட்டு அணிந்த…’ என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். எங்கள் வீட்டில் இருப்பது ஓர் இஸ்திரி மேசை. அது போதும்.)

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். விடியும் முன்பே போனால் மதியம் வேலை முடியும். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், புதன்கிழமை மட்டும் வேலை முடிந்ததும் நேரே எதிர் தியேட்டருக்குப் போவாள். அன்று ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். நடுவில் விளக்குகூடப் போடமாட்டார்கள். சாயங்காலம் என் சட்டையைத் தேய்த்தபடியே கதை சொல்வாள். நான் பார்த்த படங்கள் கொஞ்சம். கேட்ட படங்கள்* ஏராளம்.

* ‘அப்படி ஒரு வகை உண்டா?’ என்றார் எங்கள் ஊர் நூலகர். உண்டு என்றேன்.

2

எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைகளில் படம் போடுவார்கள். நூலகர் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார். (முதல் பிரதியில் அவரை உயரமானவர் என்று எழுதியிருந்தேன். குள்ளம்தான். இதைப் படிப்பார், அதனால் திருத்திவிட்டேன்.)

“உனக்குப் பிடிச்ச அஞ்சு படம் எழுதும்மா. எல்லாம் ஒரே காலத்துப் படமா அடுக்கிடாதே.”

எழுதினேன். பேசாப் படம் ஒன்று: கிழவர் ஒருவர் எந்த மாடியிலும் இறங்க மாட்டேன் என்கிறார், லிஃப்ட்காரன் நாள் முழுக்க அவரை மேலும் கீழும் கொண்டுபோகிறான். துப்பறியும் படம் ஒன்று: கொலை செய்தது யாரென்று பத்தாவது நிமிடமே நமக்குத் தெரியும், துப்பறிபவருக்குத்தான் கடைசிவரை தெரியாது, பாவம். மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரே பெண்ணைப் பார்க்கப் போகும் கூத்து. சிரித்து வயிறு வலித்தால் நான் பொறுப்பல்ல. சமீபத்திய ஆவணப்படம் ஒன்று, பாலத்துக்கு வர்ணம் அடிப்பவர்களைப் பற்றி. அவர்கள் இந்த முனைக்கு வந்து சேரும்போது அந்த முனை துருப்பிடித்திருக்கும்.

ஐந்தாவது, அம்மாவின் படம்.

தொலைந்த பொருள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. தினமும் ஒரு பெண் தன் குடையைக் கேட்டு வருகிறாள். குடை அவனிடம்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டால் மறுநாள் வரமாட்டாளே என்று கொடுக்காமல் வைத்திருக்கிறான். ஒருநாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவன் ஆளில்லாத அறையின் நடுவில் நின்று குடையை விரிக்கிறான். அதுவரை கறுப்பு வெள்ளை. குடை விரிந்ததும் கலர். பல வருடங்கள் கழித்து அவள் விண்கலத்தில் தனியாக உட்கார்ந்து, கெட்டுப்போன வானொலியைச் சரிசெய்கிறாள். பூமியிலிருந்து ஒரு குரல் வருகிறது: “குடை இங்கதான் இருக்கு.”

“அதே பொண்ணுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“கதவைச் சாத்தினா ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பாடி. மேல போயும் இழுத்தா.”

நூலகர் பட்டியலை வாசலில் ஒட்டி, சனிக்கிழமை படம் பார்க்க வருபவர்களிடம் வாக்கு கேட்டார். ஐந்து படங்களில் இதற்குத்தான் எல்லாரும் வாக்களித்தார்கள். கலர் வரும் இடத்துக்காகவே பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இயக்குநர் பெயர் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

3

பத்து நாள் தேடிவிட்டு நூலகர் கூப்பிட்டார். “குடைப் படம் கிடைச்சுதும்மா. விண்கலப் படமும் கிடைச்சுது. ஆனா அது வேற, இது வேற. நடுவுல முப்பது வருஷம்.”

அவருடைய கணினியில் இரண்டையும் பார்த்தேன். முதல் படத்தில் குமாஸ்தா குடையைக் கொடுத்து அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். இரண்டாவதில் குடையே இல்லை. குரல் ஏதோ ஓர் அதிகாரியுடையது. அவள் கதவை இரண்டு தடவை இழுப்பது மட்டும் நிஜம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். தொடக்கத்தில் நீங்கள் கேட்ட பேச்சு அதுதான். மீதி இது:

“ரெண்டையும் பார்த்துட்டுத்தாம்மா சொல்றேன்.”

இஸ்திரிப் பெட்டி நின்றது.

“அப்போ அந்த அறையில குடையை விரிச்சது யாரு?”

“யாரும் விரிக்கலம்மா.”

“இத்தனை வருஷமா உனக்குத் தப்பாவா சொல்லிட்டிருந்தேன்?”

[நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்:                    ]

நான்கு நாளாகிறது. நேற்று தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். வில்லனின் செருப்பைப் பற்றி மட்டுமே அரைமணி நேரம் பேசுகிறவள்.

4

முடிவுகள். ஒன்று: நூலகர் சொன்னபடி, இல்லாத அந்தப் படத்துக்குப் பதிலாக லிஃப்ட் படத்தைப் போட்டுவிடலாம். இரண்டு: ‘மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்…’ (அடித்துவிட்டேன். அம்மாவின் கையில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும்.)

மூன்றாவதை இன்று காலை படிவத்திலேயே எழுதினேன். காலிக் கட்டத்தில், ‘இயக்கம்: சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் என் அம்மா’. உலகத்தில் அந்தக் குடையை விரித்த ஒரே ஆள் அவள்தான். அதுவும் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த களைப்பில், தூக்கத்தில். எந்த இயக்குநரால் முடியும்?

நூலகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். “சரி. திரையில என்னம்மா போடுறது?”

“ஒண்ணும் வேண்டாம் சார். நாற்பது நாற்காலி மட்டும் போடுங்க.”

வாசகரே, முடிவு என் கையில் இல்லை. இந்தத் தாள்களை இஸ்திரி மேசையில், நாளைக்கு நான் போடப்போகும் சட்டைக்கு அடியில் வைக்கிறேன். தேய்க்கச் சட்டையை எடுப்பவள் படிப்பாள். உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு.

அம்மா, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்துக்கு வந்து, எங்க எல்லாருக்கும் அந்தப் படத்தை முதல்லேர்ந்து சொல்றியா?