கூத்தையா தீட்டிய கோடாலி

கூத்தையாவிடம் அவர் மகன் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. கைகலப்பு இல்லை, சொத்துத் தகராறு இல்லை, ஊர் கூடிப் பேசவும் இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் இருளாண்டி நாலு துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆர்.எஸ்.மங்கலத்தில் தொண்டி பஸ் ஏறினான். அங்கே கடற்கரையில் வத்தை என்கிற படகு கட்டும் கொட்டகையில் மரம் செதுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் கல்யாணத்துக்குக் கூத்தையா போயிருந்தார். மாப்பிள்ளை முறைப்படி காலில் விழுந்து எழுந்தான், வாயை மட்டும் திறக்கவில்லை. ஊருக்கு வந்தாலும் ஆத்தாளைப் பார்த்துவிட்டு, அப்பன் வயலில் இருந்து திரும்புவதற்குள் கிளம்பிவிடுவான்.

எல்லாம் ஒரு கைக்கோடாலியால் வந்த வினை.

இருளாண்டி பிறவியிலேயே இடதுகைக்காரன். சோற்றை மட்டும் வலது கையால் தின்னப் பழக்கினார்கள், அதற்கே ஆத்தா பூமயிலின் அகப்பை இரண்டு உடைந்தது. மற்றபடி அரிவாள், மண்வெட்டி எல்லாம் இடதுதான். மர வேலை என்றால் அவனுக்கு உயிர். தொண்டியில் சதக் என்பவரின் பழைய இரும்புக் கடையில் ஒரு கைக்கோடாலியைப் பொறுக்கி வந்தான். எந்தக் கப்பலில் இருந்து கழன்றதோ, அதன் மேல் இருந்த முத்திரை தேய்ந்து வெறும் பள்ளமாகக் கிடந்தது. அந்தக் கோடாலியின் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வு. மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தட்டை. அதற்குக் காம்பு போட்டபோதும் நேரான கம்பை விட்டுவிட்டு, வெளிப்பக்கம் சற்று வளைந்த கம்பாகத் தேடிப் போட்டான்.

அந்தக் கோடாலியால் அவன் கருவேல மரத்தில் ஒரு கலப்பை செதுக்கினான். பார்த்தவர்கள் எல்லாம் ஒருமுறை தடவிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். சித்திரையில் ஊர் ஏர்களை ஒன்றாகப் பூட்டி முதல் சால் ஓட்டுவதை நல்லேர் என்பார்கள். அதற்குக் கூத்தையா அந்தப் புதுக் கலப்பையைக் கொண்டுபோனார். முன்னேர் பிடிக்கிற சேதுராமன் சிரித்துக்கொண்டே, கால் கழுவுகிற கையால் செதுக்கிய ஏரா முதல் சாலுக்கு என்று கேட்டார். அவர் கேட்டது என்னவோ விளையாட்டுக்குத்தான். கூத்தையாவுக்கு முகம் சுண்டிப்போனது. மாட்டைத் திருப்பி, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கோபம் வந்தால் அதை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டுமே. வீட்டுக்கு வந்து கோடாலியை எடுத்துப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, காம்பு கோணியிருக்கிறது, எல்லாம் இடது கைப் பழக்கத்தால் வந்த கேடு என்று தானே தீர்ப்பு எழுதினார். மறுநாளே கொல்லனிடம் கொண்டுபோய் உலையில் வைத்துத் தட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் சமமாக வாய் எடுத்து, நேரான காம்பும் போட்டு வாங்கி வந்தார். மகனுக்கு நல்லது செய்வதாகத்தான் மனதார நினைத்தார். அதுதான் கொடுமை.

இருளாண்டி ஒரு கட்டையில் போட்டுப் பார்த்தான். கோடாலி மரத்தில் படியாமல் துள்ளி அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. அவன் முன்பு தட்டையாக இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டான். நான்தான், இனி நாலு பேரைப் போல வலது கையில் பிடி என்றார் கூத்தையா. அவன் கோடாலியைக் கீழே வைத்தான். அதுதான் அவர்களின் கடைசிப் பேச்சு.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம் அறுப்பு முடிந்ததும், கலப்பை நுனிக்கு மாட்டப் பழைய கொழு ஒன்று வாங்கலாம் என்று கூத்தையா தொண்டிக்குப் போனார். போன இடத்தில் மகனைத் தூரத்தில் இருந்தாவது பார்க்கலாம் என்பதும் உள்ளூர இருந்தது. சதக் கடையில் கொழுவைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கம் மட்டும் சாய்வாக இருந்த கைக்கோடாலி கையில் தட்டுப்பட்டது. யாரோ பாதி தீட்டிவிட்டுப் போயிருக்கிறான், மறுபக்கத்தையும் தீட்டினால் நல்ல விலைக்குப் போகும் என்று சதக்குக்கு யோசனை சொன்னார். சதக் குழந்தை கையில் இருந்து கத்தியை வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டார்.

"பெரியவரே, இது வெறகு பொளக்கிற கோடாலி இல்ல, மரத்தைச் சீவுறது. தட்டப் பக்கம் மரத்தோட ஒட்டிப் போகணும், சாஞ்ச பக்கம் சிலும்பை வெளிய தள்ளும். ரெண்டு பக்கமும் தீட்டுனா மரத்துல படியாது, துள்ளும். காலு போயிரும்."

காம்பு ஏன் வளைந்திருக்கிறது என்று கூத்தையா கேட்டார். விரல் மொளி மரத்தில் இடிக்காமல் இருக்கத்தான் என்றார் சதக். கூத்தையா அங்கே கிடந்த டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். பையன் ஆசையாகக் கொண்டுவந்த சாமானைத் தன் கையாலேயே கெடுத்து, அவன் காலையும் வாங்கப் பார்த்தோமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொழுவை மறந்தார். மகனைப் பார்க்கும் தைரியமும் போய்விட்டது. அந்தக் கோடாலியை மட்டும் இன்னொரு தரம் வாங்கி, எந்தப் பக்கம் தட்டை, எந்தப் பக்கம் சாய்வு என்று நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பரணில் துருவேறிக் கிடந்த கோடாலியை இறக்கினார். கொல்லனிடம் கொண்டுபோய், சொன்னபடி தட்ட வைத்தார். பிறகு மணல் கல்லில் தண்ணீர் விட்டு விட்டு ஒன்பது நாள் தானே தீட்டினார். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்ததில் விரல் நுனி எல்லாம் தோல் உரிந்தது. பூமயில் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டாள். வளைந்த கம்பு தேடி நாலு கண்மாய்க் கரை அலைந்தார். கடைசியில் வாசலில் கிடந்த கட்டையில் போட்டுப் பார்த்தார். கோடாலி மரத்தோடு படிந்து ஓடியது, சிலும்பு சுருண்டு விழுந்தது. கூத்தையா தன்னை மறந்து சிரித்தார். இதைக் கையில் கொடுத்தால் அவன் ஒரு வார்த்தையாவது பேசுவான், வையட்டும், வைதாலும் அது பேச்சுதானே என்று பூமயிலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கொட்டகையில் நீளமான வாகை மரம் ஒன்று கட்டைகளின் மேல் கிடந்தது. மேல் பக்கம் இரண்டு ஓரத்திலும் வெட்டுக்கு அளவாக நூல் அடித்துக் கோடு போட்டிருந்தது. இருளாண்டி ஒரு பக்கத்தைச் செதுக்கி முடிக்கும் தறுவாயில் இருந்தான். அப்பனைக் கண்டதும் நிமிர்ந்தான், வாங்க என்று சொல்லவில்லை. கூத்தையா துண்டைப் பிரித்துக் கோடாலியை நீட்டினார். பழசு மாதிரியே ஆக்கிவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அவ்வளவில் முடிந்துபோனது.

இருளாண்டி முத்திரை தேய்ந்த பள்ளத்தைத் தடவினான். அதே கோடாலிதான். வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். பழக்கமாக இடது கைக்கு மாற்றி, மரத்தின் பக்கம் கொண்டுபோனான். அங்கேயே நின்றுவிட்டான். தட்டையாக இருக்கவேண்டிய பக்கம் வெளியே பார்த்தது, சாய்ந்த பக்கம் மரத்தின் மேல் இருந்தது. காம்பின் வளைவும் மரத்தை நோக்கியே இருந்தது. இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தான், திருப்பினால் மட்டும் மாறிவிடுமா. அது வலது கைக்காரன் கோடாலி.

கூத்தையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சதக் கடையில் பார்த்தது வலது கைச் சாமான். தான் தீட்டியது வலது கையால், தீட்டிச் சோதித்ததும் வலது கையால். தான் மகனுக்கு ஆசைப்பட்ட கைக்குத்தான் ஒன்பது நாளும் தீட்டியிருக்கிறார், அவனுக்கு இருக்கும் கைக்கு இல்லை.

"உங் கை எதுன்னு பன்னெண்டு வருசங் கழிச்சும் எனக்கு நெனப்பு வரலையேப்பா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பக்கம் திரும்பினார்.

இருளாண்டி அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகளில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"எங்க போறீக? மரத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அங்க நின்னு செதுக்குற ராக்கப்பன் உப்பூருக்குக் காதுகுத்துக்குப் போயிட்டான். அங்கன வலதுகைதான் வேணும்."

கூத்தையாவுக்கு அவன் பேசியதுதான் காதில் விழுந்தது, என்ன பேசினான் என்பது பிறகுதான் எட்டியது. மரத்தின் நார் ஒரு திசையில்தான் ஓடும், அதோடு போனால்தான் சீவலாம், எதிர்த்தால் பிய்த்துக்கொள்ளும். ஒரு ஆளே இரண்டு பக்கமும் செதுக்கினால், மறுபக்கம் அவன் எதிர்த்துத்தான் வெட்டவேண்டும். ஒரு பக்கம் இடதுகைக்காரனும் மறுபக்கம் வலதுகைக்காரனும் நின்றால், இருவரும் நாரோடு போகலாம். இருளாண்டி இதைச் சுருக்கமாகச் சொல்லி, கோடாலியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

கூத்தையா மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். தன் பக்கத்துக்கு, அதுவரை செதுக்கிக்கொண்டிருந்த தன் இடதுகைக் கோடாலியையே இருளாண்டி எடுத்துக்கொண்டான். நடுவில் மரம் கிடந்தது, இருவரும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். எதிரே கடல். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் கூத்தையா தாராளமாக அழுதார். அழுதுகொண்டே வெட்டியதில் கோடாலி நூலைத் தாண்டப் பார்த்தது.

"நூலைத் தாண்டாதீக. மெதுவா வாங்க, நானும் மெதுவாத்தான் வாரேன்" என்றான் இருளாண்டி.

மகன் சொல்லுக்கு ஒருநாளும் கட்டுப்படாத கூத்தையா, "சரிப்பா" என்றார்.