ஆகஸ்ட் கழியட்டும்

தன் புருஷன் ஏன் இன்னும் பிரிட்டிஷ் குடிமகன் ஆகவில்லை என்ற கேள்வி, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இரண்டு வருஷமாய் செகாயை உறுத்திக்கொண்டிருந்தது.

திச்சவோனா சோம்பேறி இல்லை. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் ஏழு வருஷமாக பஸ் ஓட்டுகிறான், ஒருநாள்கூட டிப்போவுக்குப் பிந்திப் போனதில்லை. ஜிம்பாப்வேயில் சரித்திர வாத்தியாராக இருந்தவன். நிரந்தர வசிப்பு உரிமைக்காக எழுத வேண்டிய தேர்வில் இருபத்துநாலு கேள்விக்கும் சரியான விடை எழுதினான். அதே தேர்வில் செகாய் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினாள்.

செகாய் நர்ஸ். அவளுக்கு வேலை விசா கிடைத்தது, அவன் நர்ஸின் புருஷன் என்ற தகுதியில் கூட வந்தான். ஐந்து வருஷம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே நாளில் நிரந்தர வசிப்பு கிடைத்தது. அதற்கு மேல் ஒரு வருஷம் பொறுத்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். செகாய் விண்ணப்பித்தாள். போன வருஷம் நகர மண்டபத்தில் மன்னர் படத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழியும் சொல்லிவிட்டாள். இங்கேயே பிறந்த மகள் ரோபாவுக்கு அதற்கும் முன்பே ஆகிவிட்டது. கூட்டத்திலேயே பலமாகக் கைதட்டியவன் திச்சவோனாதான். ஆனால் அவன் முறை எப்போது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"ஆகஸ்ட் கழியட்டும், ரோபா அம்மா."

"எந்த ஆகஸ்ட்? போன ஆகஸ்ட்டும் கழிஞ்சுதே!"

"அடுத்த ஆகஸ்ட்."

எங்கள் ஷோனா மொழியில் திச்சவோனா என்றால் 'பார்ப்போம்' என்று அர்த்தம். "பேரு வெச்ச மாமனாரைச் சொல்லணும்" என்று செகாய் முணுமுணுப்பாள். மாமனார் பேச்சை எடுத்ததும் அவன் எழுந்து போய்விடுவான்.

ஸ்பெயினுக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் தாயும் மகளும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அவன் வேறு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றான். "அப்பா நம்ம கூட வரலையா?" என்று ரோபா கேட்டது செகாய்க்குச் சுருக்கென்றது. வரிசையாவது பரவாயில்லை. இந்த நாட்டுச் சட்டத்தை நம்பி உட்கார முடியாது. இன்றைக்கு இருக்கிற விதி நாளைக்கு இருக்குமோ என்னவோ. கதவு திறந்திருக்கும்போதே உள்ளே போகாமல், வாசலில் நின்று காலண்டரைப் பார்க்கிறவனை என்ன செய்வது?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ரோபா நீச்சல் வகுப்புக்குப் போயிருந்த நேரம், செகாய் லேப்டாப்பைத் திறந்து அவன் விண்ணப்பத்தைத் தானே நிரப்ப ஆரம்பித்தாள். அனுப்புவதற்கு முந்தின கட்டம் வரை கொண்டுபோய் வைத்துவிட்டால் மனுஷன் என்ன சாக்கு சொல்வான், பார்ப்போம்.

பெயர், பிறந்த ஊர், வேலை எல்லாம் மடமடவென்று ஓடியது. சாட்சி சொல்ல இருவர் வேண்டும்: சர்ச் பாஸ்டர் ஒருவர், டிப்போ மேலாளர் ஒருவர். அடுத்த கேள்வி, கடந்த ஐந்து வருஷத்தில் நாட்டை விட்டு வெளியே போன நாட்கள். போன தேதி, வந்த தேதி, போன காரணம். நானூற்றைம்பது நாள் வரை போகலாம். ஸ்பெயின் பத்து நாள்கூட இல்லை. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, அவனுடைய பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

பதினோராம் பக்கத்தில் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் விமான நிலையத்து முத்திரை இருந்தது. ஆகஸ்ட் பதினைந்தில் உள்ளே, பதினெட்டில் வெளியே. நாலரை வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்.

அந்த வாரம் அவளுக்கு மறக்கவில்லை. மின்சார பஸ் பயிற்சி என்று சொல்லி அவன் கிளாஸ்கோவுக்குப் போயிருந்தான். கிளாஸ்கோவுக்குப் போனவனுக்கு ஹராரேயில் யார் முத்திரை குத்தினார்கள்?

உடனே ஓர் எண்ணம் வந்தது. ஹராரேக்காரிகளுக்கு அதுதான் முதலில் வரும்: சின்ன வீடு. அப்புறம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வரப்போகிற ஆகஸ்ட் கழிந்தால் அந்த முத்திரைக்கு ஐந்து வருஷம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அதைப் பற்றி எந்த விண்ணப்பமும் கேட்காது. அட, இதற்குத்தானா இந்த வாய்தா!

அதே வாரத்தில்தான் மாமனாரும் போய்ச் சேர்ந்தார். அது நினைவுக்கு வந்ததும் செகாய் ருசாபேயில் இருக்கும் நாத்தனார் மாய்தேயைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. உங்க தம்பி மாமா சாவுக்கு வந்தாரா?"

மறுமுனையில் மாய்தே கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான்டி."

"அப்ப வந்தாரு."

"வந்தான். ஆனா பிந்திட்டான். மொத நாளே அடக்கம் பண்ணிட்டோம். யாரு கண்ணுலயும் படாம நான்தான் கூட்டிட்டுப் போனேன். மண்ணு போட முடியாதவன் கல்லாவது வைக்கணும்ல, ஒரு கல்லை எடுத்து வெச்சான். அப்புறம் அங்கேயே உக்காந்துட்டான். தூக்கித்தான் கொண்டுவர வேண்டியிருந்துச்சு."

சின்ன வீடு இல்லை என்று மனசு லேசானது. மறு நிமிஷமே அதைவிடப் பெரிய கோபம் மூண்டது.

இரண்டு மணிக்கு அவன் வந்தபோது களியும் கீரையும் ஆறிக்கொண்டிருந்தன. தட்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் பதினோராம் பக்கத்தில் திறந்திருந்தது. திச்சவோனா அதைப் பார்த்தான், களியைப் பார்த்தான், தொப்பென்று உட்கார்ந்தான்.

"அந்த வரியை விட்டுடு, செகாய். நாலு நாள்தானே, யாரு கேக்கப் போறா?"

"கேக்குறாங்களே, இதோ கேட்டிருக்காங்க! பொய் சொன்னது தெரிஞ்சா மனுவையே தள்ளிடுவாங்க. நாலு நாளை எழுதினா ஒண்ணும் ஆகாது, மறைச்சாத்தான் ஆபத்து. வாத்தியாருக்கு இது தெரியாதா?"

"தெரியும். பொய்யும் எழுத வேண்டாம், நீயும் பார்க்க வேண்டாம்னுதான் ஆகஸ்ட் வரைக்கும்..."

"எங்கிட்ட எதுக்கு மறைச்சே?"

அவன் களியை உருட்டினான், வாயில் வைக்கவில்லை.

"நாம கிளம்புன அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல அப்பா என்ன சொன்னாரு, ஞாபகமிருக்கா? பொண்டாட்டி பாவாடை நுனியைப் புடிச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் தேசத்துக்குப் போறவன் என் மகன் இல்லை, என் பொணத்துக்கு மண்ணு போட வராதேன்னாரு. உன்னைப் பத்தியும் என்னென்னவோ சொன்னாரு, அத்தனை பேர் முன்னால. சாவுச் சேதி வந்தன்னிக்கு, போக மாட்டேன்னு உங்கிட்ட நான்தான் சத்தியம் பண்ணேன். ரெண்டு நாள்கூடத் தாங்கலை. உன்னை ஏசுனவருக்காக நான் அழுதேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

"அடப்பாவி! மாமனார் மருமகளை ஏசாம ஆட்டுக்குட்டியையா ஏசுவாரு? அதுக்குப் பதில் சொல்லத்தானே எனக்குன்னு ஒருநாள் இருந்துச்சு! அதை நீ முழுங்கிட்டியே!"

எங்கள் சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டில் அழ ஆயிரம் பேர் இருப்பார்கள். செத்தவரின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் மாதிரியே நடந்து, இருமி, அதட்டி, கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற உரிமை மருமகள்களுக்கு மட்டும்தான். உயிரோடு இருந்தபோது அவர் பேசியதற்கெல்லாம் அன்றைக்குத்தான் பதில். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. செகாய் மூத்த மருமகள்.

"அண்ணி சொன்னாங்க," என்றாள். "பெரியவ வரலைன்னு சின்ன மருமகளுங்க வாயே திறக்கலையாம். சிரிப்பே இல்லாம மனுஷனைப் புதைச்சிருக்காங்க. எனக்கு வெக்கமா இருக்கு, ரோபா அப்பா."

அவன் எழுந்து வெளியே போனான். போகட்டும் என்று செகாய் விட்டுவிட்டாள். கார் டிக்கி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் கையில் பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குள் நசுங்கிப்போன பழுப்புத் தொப்பி ஒன்று. ஸ்டெப்னி டயருக்குக் கீழே நாலரை வருஷமாகக் கிடந்திருக்கிறது.

"அப்பா தொப்பி. அக்கா குடுத்துச்சு. மூத்த மகனுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்களாம்."

செகாய் தொப்பியை வாங்கித் தட்டினாள். விளிம்பில் இன்னும் மூக்குப்பொடி வாசனை இருந்தது. தலையில் வைத்தாள். இடது தோளை இறக்கி, சமையலறைத் துடைப்பத்தைக் கைத்தடியாக ஊன்றி, மேசையைச் சுற்றி நடந்தாள். மாமனாரேதான். நாலடிக்கு ஒரு இருமல், இருமலுக்கு ஒரு முறைப்பு.

"என்னடா களி இது?" என்று தட்டைத் துடைப்பத்தால் சுட்டினாள். "சுண்ணாம்பு மாதிரி இருக்கு! இந்த நர்ஸ் ஊசி போடுறப்பவாவது கை சுத்தமா இருக்குமா?"

திச்சவோனா வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் பெத்த மக்குப் பயலே! இருபத்துநாலுக்கு இருபத்துநாலாம்! ராஜாக்க பேரெல்லாம் தெரியுது, அப்பன் சாவுக்கு நேரத்துக்கு பிளேன் புடிக்கத் தெரியலை!"

அடக்க முடியாமல் அவன் சிரித்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவனுக்கே தெரியாது. செகாய் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துகிறவள் மருமகள் இல்லை. துடைப்பத்தை ஊன்றிக் குனிந்து, அந்தக் கரகரத்த குரலிலேயே அவன் காதருகே சொன்னாள்:

"பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னதை முழுசாக் கேக்காமப் போயிட்டியேடா. பொண்டாட்டி பாவாடை நுனியைப் புடிச்சவன், கெட்டியாப் புடிச்சுக்க. நடு வழியில விட்டுடாதே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். போன தேதி, வந்த தேதி, ஜிம்பாப்வே. காரணம் என்ற கட்டத்தில் விரல் தயங்கியது.

"சொந்தக்காரங்களைப் பார்க்கன்னு போடட்டுமா?"

தொப்பியைக் கழற்றாமலே செகாய் இருமினாள்.

"அப்பாவின் அடக்கம்" என்று அவன் தட்டினான்.