நைஸ் என்ற சொல்லுக்குத் தடை

நளீர் மாஸ்டர் பன்னிரண்டு வருடமாக மனைவி ஜெமீலா சமைத்த எதைத் தின்றாலும் ஒரே ஒரு சொல்தான் சொல்லுவார்: "நைஸ்." நெத்தலிச் சொதிக்கும் நைஸ், கருகிப்போன ரொட்டிக்கும் நைஸ். கல்முனைக்குடி ஊர் வழக்கப்படி பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை; வாயை அடக்கிச் சாப்பிடுவது புத்திதான். ஆனாலும் ஆங்கிலம் படிப்பிக்கிற மனிதரிடம் வேறு சொல்லே இல்லையா என்று ஜெமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கிழமை அந்த எரிச்சலுக்கு நல்ல காரணமும் இருந்தது. பக்கத்துத் தெரு ஸுஹைறா ராத்தா, மகனுடைய கல்யாண வலீமா விருந்துக்கு, கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து அவிக்கிற வட்டிலாப்பம் நூற்றைம்பது கோப்பை கேட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்ன ஓமா இல்லையா எண்டு சொல்லுகா. இல்லாட்டி வேறாள் பாக்கணும்," என்றிருந்தாள். ஜெமீலாவின் கையை நம்பி வெளியிலிருந்து வந்த முதல் வேலை. செய்யக் கொள்ளை ஆசை, பயமும் அவ்வளவு. போன பெருநாளைக்கு நளீர் 'நைஸ்' என்ற வட்டிலாப்பத்தை நம்பித்தான் அயலுக்கு அனுப்பினாள். தேங்காய்ப்பால் புளித்திருந்ததை நாலாவது வீட்டுக்காரிதான் சொன்னாள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

புதன் பின்னேரம், செய்து பார்க்க அவித்த முதல் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். ஒரு கரண்டி வாயில் போட்டார். "நைஸ்."

"இனி இந்த ஊட்டுல அந்தச் சொல் வேணாம்," என்றாள் ஜெமீலா. "அதுக்கு என்னதான் கருத்து?"

கருத்து என்று கேட்டால் போதும், மனிதர் வகுப்பில் ஏறிவிடுவார். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருளாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது மடையன் என்று ஆனதாம். பிறகு சின்ன விஷயத்துக்கும் முகம் சுளிக்கிற ஆளுக்குச் சொன்னார்களாம். அதிலிருந்து நுணுக்கம், துல்லியம் என்று ஏறி, கடைசியில்தான் நல்லது என்று வந்து நின்றதாம்.

"அப்ப பன்னெண்டு வருசமா என்னை மடச்சி எண்டுதான் சொல்லிட்டு இருந்தீங்க."

"இல்ல புள்ள, அது எழுநூறு வருசத்துக்கு முன்ன."

"நடுவுல நுணுக்கம் எண்டு ஒரு கருத்துச் சொன்னீங்களே, அந்தக் காலத்து ஆளா இருந்து தின்னுங்க. தின்னுட்டுச் சொல்லுங்க."

நளீர் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கட வாப்பா ஒரு நாளும் உம்மாட சோத்தக் குறை சொல்லாம எழும்பினதில்ல. உம்மா குசினிக்குள்ள போய் அழுவா. எண்ட வாயால அது வரக்கூடாது எண்டு சின்ன வயசுலயே நினைச்சிட்டன்."

ஜெமீலாவுக்கு மனம் இளகிவிட்டது. இத்தனை வருடம் சோம்பல் என்று நினைத்தது அன்பா என்று இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா, வெள்ளிக்கிழமை வருகிறதே.

"உங்கட வாப்பா நோவிக்கிறத்துக்குக் குறை சொன்னாரு. இது நான் கேட்டுச் சொல்றது. அழமாட்டன்," என்றாள்.

நளீர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "கருப்பட்டி கரைக்கக்குள்ள அடிப்பிடிச்சிரிக்கி. ஏலம் கூடிட்டு. அவிச்சது கூடிப்போய் ஓட்டை ஓட்டையா இரிக்கி." ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளோ பேனை தேடி எடுத்து எல்லாவற்றையும் கலண்டரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை இரண்டாவது கோப்பையில் முட்டை வாடை. பின்னேரம் மூன்றாவதில் இனிப்புக் காணாது. மனிதருக்கு இப்போது துணிவு வந்துவிட்டது. கேட்காமலே ராச்சோற்றுக் கறிக்கும் உப்பில்லை என்றார். ஜெமீலா முறைத்த முறைப்பில் அதை மட்டும் திரும்ப விழுங்கிக்கொண்டார்.

வெள்ளி காலை நான்காவது கோப்பை. நளீர் மெதுவாகத் தின்றார். அடியைச் சுரண்டினார். நெற்றியைச் சுருக்கினார். ஜெமீலா பேனையைக் கையில் எடுத்தாள்.

"ஒரு குறை இரிக்கி," என்றார்.

"சொல்லுங்க."

"கோப்பை சின்னன்."

இதுவே போன கிழமை என்றால் சும்மா சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். கறிக்கு உப்பில்லை என்று சொன்ன வாய் இது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதை அப்படியே நம்பி, கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"ஓம் ராத்தா," என்றாள், "நூத்தம்பதும் நான்தான் செய்றன்."