நான் இரண்டு என்று சொன்ன ஆறு மாடுகள்

1

இந்தக் கதை என் பொய்யிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், எனக்கு ஆறு மாடுகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மதுஷா கொப்பியோடு வந்து எத்தனை மாடு என்று கேட்டபோது இரண்டு என்றேன். எண்ணிக்கொண்டு போகிறவர்கள் எதையாவது தடுக்கத்தான் திரும்பி வருவார்கள். தோட்டத்தில் மாடு வளர்ப்பது தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பிடிக்காது.

2

ஹந்தானை மலையில் மேகம் தவழ்ந்த ஒரு

(விட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே வாசிக்க மாட்டேன்.)

மாடு விடும் ஏப்பத்தில் மெதேன் என்ற வாயு இருக்கிறதாம். பூமியைச் சூடாக்குமாம். வானத்தில் சுற்றும் செய்மதி அதை அளக்கிறது. மதுஷா கீழே மாடுகளை எண்ணிப் போடும் கணக்கு அதோடு பொருந்த வேண்டும். மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. அந்த நாட்களை, கீழே எத்தனை மாடு, காற்று எந்தப் பக்கம் என்று வைத்துக் கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பும். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் அடுத்த பகுதியை நானும் அப்படித்தான் எழுதினேன்.

3

(நான் அங்கே இல்லை.) மதுஷாவின் பேராசிரியர் மகேந்திரராசா சொல்கிறார்: "வானத்தில இருந்து வாற கணக்கில பாதிதான் உம்மட கணக்கு. எங்க பிழை விட்டனீர்?"

"நாலு மாசமா தேடுறேன் சேர்."

அழுதாள் என்று எழுதி வெட்டினேன். அவள் அழுகிற ஆள் இல்லை.

4

இது நான் பார்த்தது. திரும்பி வந்தாள்.

"தாத்தா, ரெண்டு மாட்டுக்கு இவ்வளவு சாணியா?"

"நல்லா திங்கிற மாடு."

"அப்ப ஏப்பமும் பெருசா விடும்னு எழுதிக்கவா?" பிறகு குரல் இறங்கியது. "மூணு வருச உழைப்பு தாத்தா. கணக்குப் பொருந்தலன்னா பட்டம் இல்ல."

"துரைக்குக் காட்டுவியா?"

கொப்பியை என் கையில் தந்தாள். ஒருவர் பெயரும் இல்லை. லயத்து நம்பரும் இல்லை.

"ஆறு," என்றேன்.

கொட்டிலுக்குள் போய் அவளே எண்ணினாள். என்னை நம்பவில்லை. அது எனக்குப் பிடித்தது.

5

முடிவு ஒன்று: கணக்குப் பொருந்தியது, பட்டம் வாங்கினாள். (இன்னும் நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: நான் மறைத்த நாலு மாட்டைச் சேர்த்தும் கணக்குப் பொருந்தவில்லை. இது உண்மை. மலை முழுக்க என்னைப் போலத்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறோம். அடுத்த லயத்து மூக்காயி ஒன்று என்றாள். அவளிடம் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவை என் மாடுகள் இல்லை, நான் சொல்லக் கூடாது.

நேற்று மதுஷாவை அங்கே கூட்டிப்போனேன். "நான் ஆறுன்னு சொல்லிட்டேன்," என்றேன் மூக்காயியிடம்.

"ஒனக்கு வாய் நிக்காதே," என்றாள். எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றினாள். மதுஷா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். மூக்காயி இடத்தில் நீங்கள் உட்கார்ந்து எண்ணிக்கையைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.